உப்புக்குள் புதைத்த கோழி

கோழியைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமை. என்னால் சும்மா இருக்க முடியாது. கல்யாணமான ஒன்றரை வருடத்தில் கோழியைப் பதநீரில் வேகவைத்தேன். வாழையிலையில் சுற்றி இட்லிக் கொப்பரையில் அவித்தேன். ஒருமுறை இஸ்திரிப் பெட்டியை வைத்தும் அழுத்திப் பார்த்தேன். (சட்டைகளில் மசாலா வாசம் போக மூன்று வாரம் ஆனது.)

என் மனைவி செல்வி எல்லாவற்றையும் பேசாமல் தின்றாள். காதல் கல்யாணம் என்று அவள் வீட்டார் ஒதுக்கிவிட்டதால், போய்ப் புகார் சொல்ல அவளுக்குப் பிறந்த வீடு இல்லை. அவளுடைய அப்பா ஆறுமுகநேரிப் பக்கம் உப்பளத்தில் முப்பது வருடம் கங்காணியாக இருந்தவர். மாதம் ஒருமுறை தூத்துக்குடிக்கு வந்து, எங்கள் வாசலருகே நாற்காலியில் கால்மணி நேரம் உட்கார்ந்து மகளைப் பார்த்துவிட்டுப் போவார். என்னிடம் பேச மாட்டார். எங்கள் வீட்டில் கை நனைக்க மாட்டார். தண்ணீர்கூட அவர் கொண்டுவரும் பாட்டிலில்தான்.

செல்வி ஆறு மாதக் கர்ப்பமாக இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வருவதாகச் சொல்லி அனுப்பினார்.

“அப்பா ஒரு வாய் சாப்பிட்டுட்டா போதும், வளைகாப்புக்கு எங்க ஆளுவ எல்லாரும் வந்துருவாவ. நீங்க ஒண்ணும் செய்யாண்டாம். நான் குழம்பு வைக்கேன்” என்றாள் செல்வி.

அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் முழுக்கோழியை உப்புக்குள் புதைத்துச் சுடும் வீடியோ ஒன்றை நான் பார்த்துத் தொலைத்திருந்தேன். உப்பளத்துக்காரருக்கு உப்பில் சுட்ட கோழி. மரியாதை என்றால் அது. கடை உப்பு கேவலமாகத் தோன்றியதால், சனிக்கிழமை ஸ்கூட்டரில் ஓர் உப்பளத்துக்கே போய், அப்போதுதான் பாத்தியிலிருந்து வாரிய ஈர உப்பை இரண்டு பை வாங்கினேன். சமையலுக்கு என்றதும் அங்கிருந்த தொழிலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நான் வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

ஞாயிறு காலை செல்வியை அடுப்பங்கரையிலிருந்து அனுப்பிவிட்டு, கோழியை உப்பில் புதைத்து அடுப்பில் ஏற்றினேன். ஒரு மணி நேரம் திறக்கக் கூடாது என்பது விதி. நான் பதினோரு முறை திறந்தேன். கடிகாரம், வாசல், அடுப்பு என்று நடந்துகொண்டே இருந்தேன். ஈர உப்பு முதலில் உருகிக் கொதித்தது. பிறகு இறுகிக் கல்லானது. மாமா உள்ளே வந்தபோது நான் சுத்தியலால் உடைத்துக்கொண்டிருந்தேன்.

“உள்ள யாரு, கொத்தனாரா?”

“அவங்கதாம்ப்பா. கோழிய வெளிய எடுக்காவ.”

இலை போட்டு, சாம்பல் நிறத்தில் இருந்த ஒரு துண்டை வைத்தேன். வாயில் போட்டார். இரண்டு முறை மென்றதும் தாடை நின்றது. துண்டை எடுத்து இலை ஓரத்தில் வைத்துவிட்டு, எழுந்து அடுப்பங்கரைக்குப் போனார். பாத்திரத்திலிருந்து ஒரு கல் உப்பை எடுத்து நாக்கில் தொட்டார். ஒன்றரை வருடத்தில் முதல்முறையாக என்னிடம் பேசினார்.

“மாப்பிள்ளை, இத எங்க வாங்குனீய?”

சொன்னேன்.

“பாத்தியில வாரி அப்படியே கொண்டாந்துட்டியளா? குவிச்சுப் போட்டுக் கசப்புத் தண்ணி வடிய விடணும்லா. இதத் தின்னா ரெண்டு நாளைக்கு வயித்தால போவும். ஏளா, நீ தின்னியா?”

“இல்லப்பா. வாசமே பிரட்டுச்சு.”

“தப்பிச்ச.”

அங்கேயே நின்று, எது தின்கிற உப்பு, எது தின்னக் கூடாத உப்பு என்று எனக்குப் பத்து நிமிடம் பாடம் எடுத்தார். முழுக்க ஏச்சுதான். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். பேசிப் பேசி அவருக்குப் பசித்துவிட்டது. வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி இலைக்கு வந்தார். செல்வி அவசரமாகச் சோறும் மோரும் ஊறுகாயும் கொண்டுவந்தாள்.

“ஊறுகா இவரு போட்டதா?”

“கடையில வாங்குனதுப்பா.”

“அப்போ வை.”

இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். எங்கள் குழாயில் கை கழுவினார். செல்வி கண் கலங்கியதை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு இலையை எடுத்தாள்.

வளைகாப்புக்கு எல்லாரும் வந்தார்கள். வந்தவர்கள் அத்தனை பேரும் வளையலுக்கு முன்னால் அந்தச் சுத்தியலைக் காட்டச் சொன்னார்கள்.

மகளுக்கு இப்போது ஏழு வயது. இன்றும் விருந்துக்குக் கூப்பிட்டால் மாமா போனில் கேட்கும் முதல் கேள்வி, “அவரு எங்க நிக்காரு?”

“ஹால்ல டிவி பாக்காவப்பா.”

“போட்டோ எடுத்து அனுப்பு.”

இரண்டு கையும் தெரிய நான் நிற்க வேண்டும். அந்தப் படம் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவர் பஸ் ஏறுவார்.