ஆரோக்கியக் குழந்தைப் போட்டியில் தங்கள் தங்கை செய்த காரியம்

தேக்கா, சிங்கப்பூர்
14-8-1958

மதிப்பிற்குரிய மச்சான் மாணிக்கம் அவர்களுக்கு வேலாயுதம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே மூவரும் சுகம். ஈப்போவில் தாங்களும் அக்காவும் சுகமாகத்தான் இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

தங்கள் தங்கை சந்திரமதியைப் பற்றி முறையிடவே இக்கடிதம். முதல் குழந்தையைக் காய்ச்சலில் பறிகொடுத்தவள், அவள் பயம் எனக்கும் தெரியும். அதனால்தான் கண்ணேறு படாமலிருக்க அடுத்துப் பிறந்த இவனுக்குப் பிச்சை என்று பெயர் வைத்தபோதும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் போன ஞாயிறு எங்கள் வட்டாரத்தில் ஆரோக்கியக் குழந்தைப் போட்டி வைத்தார்கள். பத்து மாதத்தில் பையன் இருபத்திரண்டு பவுண்டு, சும்மா விடலாமா, அவளைக் கேட்காமல் பெயர் கொடுத்துவிட்டேன். "ஊரே பார்த்து கொழுகொழுன்னு சொல்றதுக்கா நான் புள்ள பெத்தேன்? கண்ணு பட்டா நீங்களா பாப்பீங்க?" என்று ஒரு மூச்சு அழுதாள். பிறகு, "சரி, வரேன்" என்றாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மண்டபத்தில் போர்வையை விலக்கிய சீன நர்ஸ் அலறிவிட்டாள். நெற்றி, கன்னம், தாடை, வயிறு என்று மையால் பதினோரு பொட்டு! மேலே திருநீறு, கையில் வசம்பு, கழுத்தில் பக்கத்து வீட்டுப் பிலோமினம்மாள் கொடுத்த மாதா பதக்கம். தொற்றுநோய் என்று எங்களைத் தனி மூலையில் உட்காரவைத்துவிட்டார்கள். நான் கைக்குட்டையை நனைத்துத் துடைக்க, மை பரவி, பையன் கரிமூட்டையானான். பரிசு வேறொரு குழந்தைக்கு. அந்தக் குழந்தையை எங்கள் பையன் ஒரு கையால் தள்ளிவிடுவான். சந்திரமதி அதன் தாயிடம் போய், "ஒங்க புள்ள ரொம்ப அழகுங்க" என்று வாயாரப் புகழ்ந்துவிட்டு வந்தாள் மச்சான்!

வானத்துல செயற்கைக் கோள் சுத்துது, என் வீட்டுல மிளகாய் சுத்துறாங்க. நீங்க அண்ணனா லட்சணமா கண்டிச்சு எழுதணும். டாக்டரையும் மருந்தையும் மட்டும் நம்பச் சொல்லுங்க.

அக்காவுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும்.

இப்படிக்கு,
வேலாயுதம்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும்போது பையனுக்கு உடம்பு சுட்டது. சந்திரமதி, "தள்ளுங்க, டாக்டர்கிட்ட போறேன்" என்று தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் நேரே காளியம்மன் கோயிலுக்கு ஓடினேன். பிள்ளைக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன். பதற்றத்தில் தாய்மாமனுக்கும் சேர்த்து என்று வாயில் வந்துவிட்டது. பல் முளைக்கிறது, வேறொன்றுமில்லை என்றாராம் டாக்டர். இருந்தாலும் அம்மனிடம் சொன்னது சொன்னதுதான். தங்களுக்கு எந்த வாரம் வசதிப்படும் என்று எழுதவும்.