திருப்பிக் கொடுத்த டவுசர்

"இனிமே ஸ்கூட்டர் உனக்கு, சைக்கிள் எனக்கு" என்று புகார் சார் சொன்ன நேரத்தில் மாமியார் வீட்டுக் கூடத்தில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அதுதான் வினையாகப் போயிற்று. மனைவியிடம் தனியாகச் சொல்லியிருந்தால், அப்படிச் சொல்லவே இல்லை என்று சாதித்துத் தப்பித்திருப்பார். பன்னிரண்டு சாட்சிகளை வைத்துக்கொண்டு யார்தான் தப்பிக்க முடியும்?

அவர் மின்சார அலுவலகத்தில் புகார் வாங்கும் மேஜைக்காரர். தெருவே அவரைப் புகார் சார் என்றுதான் கூப்பிடும். அலுவலகம் வீட்டிலிருந்து நாலே கிலோமீட்டர். மனைவி பல் ஆஸ்பத்திரியில் பல்செட் செய்கிறவள். அந்த ஆஸ்பத்திரியை ஊரின் மறுகோடிக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு பஸ் மாறி, ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே திரும்புவாள். சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் வீங்கிய காலில் வார் பதிந்திருக்கும். ஸ்கூட்டர் யாருக்கு வேண்டும் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். புகார் சாருக்கும் தெரிந்தது. அந்த ஒரு நொடியில் மனம் இளகி, வாய் முந்திக்கொண்டது. மறுநாள் காலை மனம் பழையபடி கெட்டியாகிவிட்டது.

அலுவலகத்தில் அவருக்கென்று ஒரு தொழில் ரகசியம் உண்டு. புகாரோடு வருகிறவரிடம் முடியாது என்று சொல்லவே மாட்டார். குறைகளை நாளுக்கு ஒன்றாகச் சொல்வார். இன்று, கம்பத்தின் நம்பர் எழுதவில்லை. எழுதிக்கொண்டு வந்தால், போன மாத ரசீது இல்லை. அதுவும் வந்தால், கையெழுத்து கட்டத்துக்கு வெளியே போயிருக்கிறது. நாலு நாள் நடந்தவர் ஐந்தாம் நாள் மெழுகுவத்தி வாங்கிக்கொண்டு வீட்டோடு இருந்துவிடுவார். எல்லாக் குறையையும் ஒரே நாளில் சொல்கிறவன் பிழைக்கத் தெரியாதவன் என்பது அவர் கட்சி.

அந்த வித்தையை வீட்டிலும் இறக்கினார். சைக்கிளில் போக நான் தயார், பிரேக்தான் சரியில்லை என்றார். மனைவி பிரேக் மாற்றினாள். மணி இல்லையே என்றார். மணி வந்தது. டயர் வழுவழு என்றிருக்கிறது என்றார். புது டயர் வந்தது. கடைசியில், அந்த சீட்டில் நாலு கிலோமீட்டர் உட்கார்ந்தால் உட்காருகிற இடமே மிஞ்சாது, மெத்தை வைத்த சைக்கிள் டவுசர் இல்லாமல் ஏறமாட்டேன் என்றார். நல்லதாக ஒன்று அமைகிற வரைக்கும் ஸ்கூட்டர் அவரிடம். மனைவி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி, போய் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னாள். அவள் அதிகம் பேசாதபோது பயப்பட வேண்டும் என்பது கல்யாணமாகி இருபது வருஷம் ஆகியும் அவருக்குத் தெரியவில்லை.

சைக்கிள் கடைக்காரர் ஒரு காலத்தில் பந்தயத்தில் ஓட்டியவர். மூன்று டவுசர்களை எடுத்துப் போட்டார். விலை குறைந்ததில் பாத்திரம் தேய்க்கிற பஞ்சு மாதிரி ஒன்றைத் திணித்திருந்தார்கள். விலை கூடியதில் பாதி விலை பெயருக்கு என்று அவரே சொல்லிவிட்டார். நடுவில் இருந்ததைத்தான் கையால் இழுத்துக் காட்டினார். இழுத்த துணி உடனே பழைய அளவுக்குத் திரும்பியது.

"மெத்தை தடிமனா இருந்தா சொகம்னு நினைக்காதீங்க சார். உட்காருற எலும்பு ரெண்டு இருக்கு. அதுக்கு நேரா கெட்டியா இருந்தா போதும். தையல் அந்த இடத்துல வரக்கூடாது. அப்புறம், உள்ள எதுவும் போடக்கூடாது."

புகார் சார் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார். அவருக்கு வேண்டிய தகவல் ஒன்றுதான். பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாமா? ஏழு நாளைக்குள் தரலாம், காரணம் ஒரு சீட்டில் எழுதினால் போதும் என்றார் கடைக்காரர். புகார் சாருக்கு அந்தக் கடையே பிடித்துப்போயிற்று. கறுப்பு நிறம், தொடையில் இரண்டு சிவப்புக் கோடு. வாங்கிவிட்டார்.

வீட்டில் போட்டுக்கொண்டு, மாடிப்படிக்கு அடியில் நிற்கும் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார். தலையில் இடி விழுந்தது. டவுசர் அவ்வளவு சுகமாக இருந்தது. குத்தவில்லை, இறுக்கவில்லை, எங்கேயும் சுருளவில்லை. ஐந்து நிமிஷம் உட்கார்ந்தவருக்கு இறங்கவே மனம் வரவில்லை. திங்கட்கிழமை ஸ்கூட்டரில் போய், 'தையல் குத்துகிறது' என்று சீட்டில் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். வீட்டில் சொன்னபோது மனைவி வருத்தப்பட்டாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அலுவலகத்திலிருந்து வந்தவர் பின்பக்கத்து பால்கனிக்குப் போனார். கொடியில் இரண்டு துண்டு. இரண்டுக்கும் நடுவில் அந்த டவுசர்.

கறுப்பு. இரண்டு சிவப்புக் கோடு. ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. காற்றே இல்லை, துண்டுகள் அசையாமல் தொங்கின. டவுசர் மட்டும் உள்ளே ஆள் இருப்பதுபோல் உப்பிக்கொண்டு நின்றது.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"எதுங்க?" அன்றைக்கு லீவு போட்டிருந்த மனைவி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இந்த டவுசர்."

அவள் கொடியை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பார்த்தாள். "எந்த டவுசர்?"

"ரெண்டு துண்டுக்கு நடுவுல பாரு."

"ரெண்டு துண்டு இருக்கு. நடுவுல ஒண்ணும் இல்லையே."

சொல்லிக்கொண்டே துண்டுகளை உருவி மடித்தாள். டவுசரின் கால் அவள் தோளில் உரசியது. ஒரு சொட்டுத் தண்ணீர் அவள் முழங்கையில் விழுந்து வழிந்தது. அவள் அதைத் துடைக்கக்கூட இல்லை.

எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர் ஒருவர். பொய் சொல்லத் தெரியாத மனிதர். புகார் சார் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து கொடிக்கு முன்னால் நிறுத்தினார். மாஸ்டர் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். வெறுங்கொடியைக் காட்டவா கூப்பிட்டீர்கள் என்று கேட்டுவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் போய்விட்டார்.

புகார் சார் ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு கடைக்குப் போனார். கடையில் கூட்டம்; கடைக்காரர் நின்று பேச நேரமில்லாமல் அலமாரியின் அடித்தட்டைத் திறந்து காட்டினார். அவர் கொடுத்த டவுசர் அங்கேயே இருந்தது. மேலே அவர் கைப்பட எழுதிய சீட்டு. வீட்டுக்கு வந்து பால்கனிக்கு ஓடினார். கொடி காலி. கீழே தரையில் மட்டும் ஈரம். பக்கத்தில் பக்கத்தில், இரண்டு கால் அளவுக்கு.

வியாழக்கிழமை மறுபடியும் அது கொடியில் நின்றது.

இந்தத் தடவை அவர் யாரையும் கூப்பிடவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கையில் எடுத்தார். உள்ளே திருப்பிப் பார்த்தார். மெத்தையில் யாரோ வெகுகாலம் உட்கார்ந்து எழுந்த மாதிரி இரண்டு பள்ளம். விரலால் அளந்தார். பிறகு தன் பின்பக்கத்தைத் தடவி அளந்தார். அளவு சரியாக இருந்தது. வேறு யாருடைய பள்ளமாக இருந்தாலும் அவ்வளவு பயந்திருக்க மாட்டார்.

வெள்ளிக்கிழமை காலை அதை ஒரு பையில் சுற்றிக் குப்பை லாரியில் தன் கையாலேயே போட்டார். லாரியின் இரும்புப் பலகை இறங்கி நசுக்குகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் பல் விளக்கினார். சனிக்கிழமை முழுக்கக் கொடி சும்மா இருந்தது. அன்றைக்கு அவர் இரண்டு கரண்டி கூடவே சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவிக்கு டூட்டி. அவளை ஸ்கூட்டரில் பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிட்டு வந்தார். நல்ல வெயில். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. மாடிப்படியில் கால் வைத்தவருக்கு டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. படிக்கு அடியில் எட்டிப் பார்த்தார். ஸ்டாண்டு போட்ட சைக்கிளின் பின்சக்கரம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் பார்க்கப் பார்க்க நின்றது. சீட்டின் மேல் டவுசர் அழகாக மடித்து வைத்திருந்தது. கறுப்பு, இரண்டு சிவப்புக் கோடு. அதை நகர்த்தி சீட்டைத் தொட்டார். சீட் சூடாக இருந்தது, இப்போதுதான் ஒருவர் எழுந்து போன சூடு.

புகார் சார் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "உனக்கு என்னதான் வேணும்?" என்று டவுசரைக் கேட்டார். அது பதில் சொல்லவில்லை. ஆனாலும் இருபத்திரண்டு வருஷம் புகார் வாங்கியவருக்கு, புகார்க்காரரைப் பார்த்தால் தெரியாதா? திருப்பி அனுப்பினால் திரும்பி வருகிறது. நசுக்கினாலும் வருகிறது. கொடியில் நின்றது இப்போது சைக்கிள் சீட்டுக்கே வந்துவிட்டது. ஐந்தாம் நாள் மெழுகுவத்தி வாங்கிக்கொண்டு போகிற ஜாதி இல்லை இது. மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களின் பிடிவாதம் எவ்வளவு பயங்கரமானது என்று அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது.

திங்கட்கிழமை காலை ஸ்கூட்டர் சாவியை மனைவி கையில் கொடுத்தார். டவுசரை மாட்டிக்கொண்டு, பேண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சைக்கிளை மிதித்தார். அன்றோடு எல்லாம் அடங்கியது. கொடியில் துண்டைத் தவிர வேறெதுவும் தொங்கவில்லை. மூன்று வாரத்தில் இடுப்பு பெல்ட் ஒரு ஓட்டை உள்ளே போயிற்று. மனைவி ஆறரை மணிக்கே வீடு வந்தாள், காலில் வார்த்தடம் இல்லாமல். மேம்பாலத்து ஏற்றத்தில் மட்டும், பின்னாலிருந்து யாரோ லேசாகத் தள்ளுகிற மாதிரி அவருக்கு ஒரு நினைப்பு. திரும்பிப் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டார்.

நாலாவது சனிக்கிழமை செயின் தொங்குகிறது என்று டவுசரோடு சைக்கிளில் கடைக்குப் போனார். கடைக்காரர் செயினை இறுக்கிக்கொண்டே, வீட்டம்மா வாங்கிப் போனது சரியாக இருக்கிறதா என்று விசாரித்தார். நீங்கள் திருப்பிக் கொடுத்த மறுநாளே வந்து, அதே நிறத்தில் அதே அளவு வேண்டும் என்று கேட்டார்களே என்றார்.

புகார் சார் மிச்சச் சில்லறையைக்கூட வாங்காமல் கிளம்பினார். திரும்பி வரும்போது எதிர்வீட்டு வாசலில் டிரில் மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு மாதமாக ரிப்பேரில் கிடந்து நேற்றுத்தான் கைக்கு வந்ததாம். கண்ணாடி இல்லாமல் தன் கையே தனக்குத் தெரியவில்லை என்றார். மிச்சமும் விளங்கிவிட்டது. சைக்கிளைச் சாத்தக்கூட நேரமில்லாமல் மாடியேறினார்.

மனைவி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து யாருக்கோ கீழ்வரிசைப் பல் செதுக்கிக்கொண்டிருந்தாள். அவர் கத்தி முடிக்கிற வரைக்கும் பொறுமையாக இருந்தாள்.

"ஆமாங்க. நான்தான் வாங்கினேன். நான்தான் கொடியில போட்டேன். காயாம இருக்க அப்பப்ப தண்ணி தெளிச்சேன். நீங்க கடைக்கு ஓடினப்ப எடுத்து ஒளிச்சு வச்சேன்."

"அந்தப் பள்ளம்?"

"உங்க நாற்காலி மெத்தையில இருபது வருஷப் பள்ளம் இருக்கே. பல்லுக்கு அச்சு எடுக்குற மாவைக் கரைச்சு ஊத்தி அச்சு எடுத்தேன். அதை வச்சு டவுசரை ராத்திரி முழுக்க அழுத்தி வச்சேன். எனக்கு அதுதானே வேலை."

இவ்வளவு சுலபமாக அவள் ஒத்துக்கொள்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கையை நீட்டி ஸ்கூட்டர் சாவியைக் கேட்டார். அவள் மறுபேச்சில்லாமல் எடுத்து மேஜையில் வைத்தாள். ஜெயித்த சந்தோஷத்தில் புகார் சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அந்த ஞாயித்துக்கிழமை சீட்டை எப்படிச் சூடு பண்ணினே?"

"எந்த சீட்டு?"

"சைக்கிள் சீட்டு. சக்கரம்கூடச் சுத்திச்சே."

அவள் கையிலிருந்த பல்லைக் கீழே வைத்தாள். "ஞாயித்துக்கிழமை எனக்கு டூட்டிங்க. நீங்கதானே கொண்டுபோய் விட்டீங்க."

"சரி, போறதுக்கு முன்னாடி அந்த டவுசரை—"

"நான் வாங்கினது ஒண்ணுதான். அதை நீங்க குப்பை லாரில போட்டீங்க." அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆஸ்பத்திரியில் அச்சு எடுக்கும்போது 'வலிக்காது' என்று சொல்லும் அதே முகம். பார்வை மட்டும் மெதுவாக அவர் இடுப்புக்கு இறங்கியது. "அப்ப, இப்ப நீங்க போட்டிருக்கிறது எது?"

புகார் சார் நாற்காலியிலிருந்து எழுந்தார். டவுசரின் மெத்தை அவரோடு சேர்ந்து எழுந்தது.

கடைக்காரரிடம் போய், என் மனைவி எத்தனை வாங்கினாள் என்று ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். வாசல் வரைக்கும் போனார். இரண்டு என்று சொன்னால் நல்லது. ஒன்று என்று சொல்லிவிட்டால்? அந்த பதிலை வாங்கிக்கொண்டு அந்த டவுசரோடு நாலு தெரு தாண்டி எப்படி வீடு வந்து சேர்வது? திரும்பி வந்து சாவியை எடுத்து அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். அவள் மறுபடியும் பல்லைச் செதுக்க ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமை காலை எப்போதும்போல் மிதித்துக்கொண்டு கிளம்பினார். தெருமுனையில் பின்னாலிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. மனைவி ஸ்கூட்டரில் அவரை முந்திக்கொண்டு போகும்போது, ஒரு கணம் வேகத்தைக் குறைத்து அன்பாகச் சொல்லிவிட்டுப் போனாள்:

"பார்த்துப் போங்க, ரெண்டு பேரும்."