ஓட்டத்துரையும் எங்கள் நெய்க்கடைத் தராசும்

பொய்யே சொல்லத் தெரியாத மனிதரை என் ஆயுசில் ஒரே ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். அந்த ஒருவரும் நேராக எங்கள் வீட்டிலேயே வந்து தங்கி, எங்கள் குடும்ப மானத்தைக் கப்பலேற்றினார்!

அறுபதுகளில் ராசிபுரத்தில் அப்பா நெய்க்கடை வைத்திருந்தார். நான் பஸ்ஸில் சேலத்துக்குப் போய்க் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். டென்மார்க்கிலிருந்து ஓரளவு தமிழ் கற்ற ஒரு மாணவர் வருகிறார், ஆறு மாதம் யாராவது ஒரு குடும்பத்தில் பிள்ளைபோலத் தங்கவேண்டும் என்று கல்லூரியில் சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவிடம் ஓடிவந்து சொன்னேன். "நம்ம ஊட்டுக்கே வரச்சொல்லு கண்ணு, நெய்யி இருக்குது, சோறு இருக்குது, வேறென்ன வேணும்?" என்றார்.

வந்து இறங்கியவரைப் பார்த்து அம்மா திகைத்துப்போனாள். நிலைப்படியில் குனிந்து நுழையும் உயரம், கிள்ளி எடுக்கச் சதை கிடையாது. அவர் மேஜைமேல் வைத்த தம் தாயாரின் போட்டோவை அம்மா கையில் எடுத்தாள். "இங்க பாருங்க அம்மணி, உங்க பையன ஒரு சுத்துப் பெருக்க வெச்சுத்தான் திருப்பி அனுப்புவேன். இது சத்தியம்!" என்று போட்டோவிடமே சொன்னாள்.

சொன்னதோடு விட்டாளா? கடையில் நெய் டின் நிறுக்கும் பெரிய தராசில் அவரை உட்காரவைத்து நிறுக்கச் செய்தாள். கிலோக் கல் அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. அன்றைக்கே இட்லிக்கு நெய், பருப்புக்கு நெய், ரசத்துக்கும் நெய் என்று ஆரம்பமாயிற்று. அவரும் மறுக்காமல் சாப்பிட்டார். வீடே குதூகலமாக இருந்தது.

மறுநாள் விடிந்ததும் குண்டு விழுந்தது. மனிதர் அரைக்கால் சட்டையோடு நாமக்கல் ரோட்டில் ஓடுகிறார்!

எங்கள் ஊரில் அதுவரை யாரும் காரணமில்லாமல் ஓடியதில்லை. பக்கத்து வீட்டுத் தறிக்காரர் கையில் கிடைத்த கட்டையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். ஊர் எல்லை தாண்டியபிறகுதான், "தொரை, திருடன் எந்தப் பக்கம் போனானுங்க?" என்று கேட்டார். திருடனே இல்லை என்று தெரிந்ததும் கட்டையைப் போட்டுவிட்டுப் புளியமரத்தடியில் படுத்துவிட்டார். அடுத்து சேலம் பஸ் வந்து நின்றது.

"ஏறுங்க தொரை! நாங்க நிக்க மாட்டமா? எதுக்குங்க இப்படி ஓடி வாரீங்க?" என்றார் டிரைவர்.

"சும்மா ஓடறேனுங்க."

"சும்மாவா!" என்று பஸ்ஸே தலையை வெளியே நீட்டியது. அன்றைக்கு விழுந்த பெயர்தான் ஓட்டத்துரை. அவருடைய சொந்தப் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை.

ஓடியதைக்கூட மன்னித்துவிடலாம். வழியில் பார்க்கிறவர்கள் எல்லாரும், "சாப்டீங்களா தொரை?" என்று கேட்பார்கள். நம் ஊரில் அதெல்லாம் ஒரு கேள்வியா? ஆமாங்க என்று சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே! இவர் நின்று, மூச்சு வாங்கி, வயிற்றைத் தடவி யோசித்து, "இல்லைங்க, இன்னும் சாப்பிடலைங்க" என்பார். கோழி கூவும் நேரத்தில் எவன் சாப்பிட்டிருப்பான்? ஆனால் பேச்சு ஊர் பூராவும் பரவிவிட்டது. எதிர்க் கடைக்காரர் மனைவி தெருக்குழாயில் வைத்தே அம்மாவிடம் கேட்டுவிட்டாள்: "ஏனுங்க்கா, நெய்க்கடை வெச்சிருந்து என்ன பண்ண? அந்தத் தொரைக்கு ஒரு வாய் சோறு போடறதில்லையாமே?"

அம்மா குழாயடிக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். நான் துரையை உட்காரவைத்துப் பாடம் எடுத்தேன்.

"கேட்டா, சாப்டேன்னு சொல்லணும்."

"சாப்பிடலைன்னா?"

"அப்பவும் சாப்டேன்னுதான் சொல்லணும்."

"அது பொய்ங்களே!" என்றார் துரை, நான் கொலை செய்யச் சொன்னமாதிரி.

வாராவாரம் தராசில் ஏற்றினோம். நெய்யெல்லாம் நாமக்கல் ரோட்டில் வேர்வையாய்ப் போனது. ஒவ்வொரு வாரமும் மறுதட்டில் அப்பா கல்லைக் குறைத்துக்கொண்டே வந்தார். அம்மா அந்தப் போட்டோவைப் பார்ப்பதைத் தவிர்த்தாள். "பெத்தவ பாத்தா என்ன நெனைப்பா? பட்டினி போட்டாங்கன்னுதானே நெனைப்பா?" என்று புலம்பினாள். எனக்கே அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

ஊருக்குக் கிளம்புவதற்கு முதல்நாள் கடைசி எடை. கடை முன்னால் தேர்த் திருவிழாபோலக் கூட்டம். துரை சித்திரை வெயிலில் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து தட்டில் ஏறினார். அப்பா கல்லை அடுக்கினார். வந்த அன்றைய எடைக்குக் கல் வைத்தும் துரை இருந்த தட்டு மேலே எழும்பவில்லை! அப்பாவின் கை ஒரு கணம் நின்றது. துரையை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "வந்தப்ப இருந்ததுக்கு மேல ரெண்டு கிலோ!" என்று கத்தினார். தராசில் ஒரு குன்றிமணி பிசகாத மனிதர் அவர்.

எதிர்க் கடைக்காரர் மனைவி விடுவாளா? "தொரை, நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. நெசமாலுமே பெருத்திருக்கறீங்களா?"

போச்சுடா என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

துரை அம்மாவைப் பார்த்தார். "ஆமாங்க! அம்மா சோறு. ரொம்பப் பெருத்துட்டேனுங்க" என்றார், மூங்கில்போல நின்றுகொண்டு. தெருவே விசிலடித்தது. அம்மா அன்றைக்கு எதிர்க் கடை வரைக்கும் போய்ச் சர்க்கரை கொடுத்துவிட்டு வந்தாள்.

கூட்டம் கலைந்ததும் துரை கோட்டுப் பைகளிலிருந்து கிலோக் கற்களை ஒவ்வொன்றாக எடுத்து அப்பாவிடம் நீட்டினார். "அம்மாவுக்குத் தெரிய வேண்டாங்க" என்றார். அப்பா வாங்கித் தராசுப் பக்கத்தில் அடுக்கினார்.

மறுநாள் காலையில் பஸ் எங்கள் வாசலிலேயே வந்து நின்று அவரை ஏற்றிக்கொண்டது. அது கண்ணுக்கு மறைந்ததும் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கோட்டுப் பை ரெண்டும் தொங்குனத நான் பாக்கலையாக்கும்? பொய்யே தெரியாத புள்ளை, எனக்காகச் சொல்லுச்சே கண்ணு!" என்று அழுதாள். அழுதுகொண்டே, "காலைல அவசரத்துல ரெண்டு இட்லிதான் தின்னுச்சு" என்றாள்.

இப்போது எங்கள் தெருவில் காலையில் தினமும் யாராவது ஓடுகிறார்கள். உயரமாக, ஒல்லியாக ஒருவர் கடந்துபோனால் போதும், என்னையறியாமல் வாசலுக்கு வந்து, "சாப்டீங்களா?" என்று கேட்டுவிடுகிறேன்.