அய்பெரியின் இதயமும் ரூடியின் வரிப்பணமும்

மரியாதைக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய மச்சான் மம்பெத்குல் அவர்களுக்கு,

உங்கள் தங்கை புருலின் கணவனும், நாரின் பள்ளிக்கூடத்துப் பூகோள வாத்தியாருமான ஜூமாகதிர் சுவிட்சர்லாந்திலிருந்து சலாம் சொல்லி எழுதுவது. நானும் மகள் அய்பெரியும் இங்கே சுகம். அங்கே உங்கள் முழங்கால், உங்கள் சாம்பல் குதிரை, உங்கள் கோபம் ஆகிய மூன்றும் சுகமாக இருக்க ஆண்டவன் அருள் புரியட்டும். குளிர்காலத்துக்குப் புல் அறுத்து முடித்தாயிற்றா? உங்கள் வீட்டுக்காரி சாய்ராகான் அக்காவுக்கு இருமல் நின்றதா? ஆட்டுக்கிடாய் இன்னும் தபால்காரரை முட்டுகிறதா?

நாங்கள் புறப்பட்ட அன்று பேருந்து நிலையத்தில் ஊரே பார்க்க என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "மாப்ளே, அடுத்தவன் பிள்ளை நெஞ்சை எவனும் சும்மா தெறந்து வைத்தியம் பார்க்க மாட்டான். பணக்கார நாட்டுக்காரன் ஒரு கையால கொடுத்தா மறு கையால சிறுநீரகத்தை உருவிக்குவான். என்ன நடக்குதுன்னு ஒண்ணு விடாம எழுது" என்று சொன்னீர்கள். ஒன்று விடாமல் எழுதுகிறேன். முதலில் சிறுநீரகம்: இரண்டும் இருக்கின்றன. மருத்துவரையே கேட்டுவிட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏழு வயதாகியும் அய்பெரி நாலு படி ஏறினால் உதடு நீலமாகிவிடும் என்பதும், நம் தலைநகர் பிஷ்கெக்கில் மருத்துவர் "இது எங்க கைக்கு மீறினது" என்று வருத்தப்பட்டதும், இங்குள்ள அறக்கட்டளை ஒன்று எங்களைக் கூப்பிட்டுக்கொண்டதும் உங்களுக்குத் தெரியும். தெரியாதது, விமான நிலையத்தில் இறங்கிய உடனே எனக்கு ஏற்பட்ட மானக்கேடு. உங்கள் தங்கை என் பைக்குள் ஒரு மூட்டை குருத் திணித்திருந்தாள். காய்ந்த உப்புத் தயிர் உருண்டையைப் பிறந்ததிலிருந்து பார்க்காத சுங்க அதிகாரி அதை மேசையில் தட்டிப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், நாயைக் கூப்பிட்டார். நாய் மோந்து பார்த்துவிட்டு ஒதுங்கி உட்கார்ந்துகொண்டது. இது தின்பண்டம் என்று நிரூபிக்க நான் ஒன்றைக் கடித்தேன். அவரும் மரியாதைக்கு ஒன்றைக் கடித்தார். அவர் பல் உடையாமல் தப்பியது அவருடைய பாட்டன் செய்த புண்ணியம். மூட்டை குப்பைக்குப் போயிற்று. நாங்கள் ஊருக்குள் வந்தோம்.

எங்களைத் தன் வீட்டில் தங்கவைத்த வெரேனா அம்மாள் தபால் நிலையத்திலிருந்து ஓய்வு பெற்றவர், தங்கமானவர், ஆனால் குப்பை விஷயத்தில் ஒரு சர்வாதிகாரி. கண்ணாடிக்கு ஒரு கூடை, தகரத்துக்கு ஒரு கூடை, காகிதத்துக்கு ஒன்று, அட்டைக்கு ஒன்று. அட்டை என்பது காகிதம் இல்லையாம். முதல் வாரமே காய்ந்த ரொட்டியை அவர் கூடையில் போட, நான் பதறி அதை எடுத்து முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டு மேசையில் வைக்க, இவனுக்குப் பசி போலிருக்கிறது என்று அந்த அம்மாள் எனக்கு இரண்டாவது முறையும் சாப்பாடு போட்டார். ரொட்டியைக் குப்பையில் போடுவது பாவம் என்று நான் கையால் விளக்க விளக்க மூன்றாவது முறையும் போட்டார். அய்பெரிக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. அவள் அவர்கள் பாஷையைப் பனியை நக்குவது போல நக்கி எடுத்துக்கொண்டாள். இப்போது என்னைப் பார்த்து, "அப்பா, தேநீரை உறிஞ்சாதீங்க, இங்க யாரும் உறிஞ்ச மாட்டாங்க" என்கிறாள்.

முதல் அறுவை நல்லபடியாக முடிந்தது. நன்றிக்கு ஓர் ஆடு அறுத்து ஊருக்கு விருந்து போடாமல் நான் எப்படி உங்கள் முகத்தில் விழிப்பேன்? பக்கத்துப் பண்ணைக்காரர் ரூடியிடம் போனேன். உங்கள் வயசு, உங்கள் உயரம், உங்கள் மாதிரியே புருவம். ஆடு என்றதும் முகம் மலர்ந்து மந்தையையே காட்டினார். பாஷை தேவைப்படவில்லை, நான் வாலைப் பிடித்துப் பார்த்தேன், அவர் பல்லைத் திறந்து காட்டினார், ஓர் ஆட்டை நான் பொறுக்கினேன். பிறகு கழுத்தில் விரலை இழுத்துக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. ஆட்டைத் தன் காலுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு வெரேனா அம்மாளைக் கத்திக் கூப்பிட்டார். அந்த அம்மாள் மருத்துவமனையில் தாதியாக இருக்கும் நம் ஓஷ் ஊர்ப் பெண் பெகிமாயைத் தொலைபேசியில் பிடித்துக் கொடுத்தார்.

"அண்ணே, இங்க வீட்டு முற்றத்துல அறுக்கக் கூடாது. சட்டம். ஆட்டுக்கு முதல்ல மயக்கம் கொடுக்கணும்."

"என் மகளுக்கும் மயக்கம், ஆட்டுக்கும் மயக்கமா? ஆட்டுக்கும் ஓர் அறக்கட்டளை இருக்கா?"

இதைப் பெகிமாய் மொழிபெயர்த்திருக்க வேண்டாம். ஆனால் ரூடி சிரித்தார். தோளில் ஓங்கி ஒரு அடி வைத்து, பாலாடைக்கட்டிச் சக்கரம் ஒன்றை என் கையில் கொடுத்து அனுப்பினார்.

அதற்குப் பிறகுதான் இடி விழுந்தது. உள்ளே ஒரு வால்வும் சரியில்லை, குளிர்காலத்துக்குள் இன்னோர் அறுவை செய்யாவிட்டால் பிள்ளை தாங்காது என்று மருத்துவர் சொன்னார். அறக்கட்டளைக்கு ஓர் அறுவைக்குத்தான் வசதி. மீதியை ஊராட்சி கொடுக்கலாமா என்று ஊர்க்கூட்டத்தில் கேட்பதாக வெரேனா அம்மாள் முடிவு செய்தார். மச்சான், நம் மகள் உயிரோடு இருக்கலாமா என்று அந்நிய ஊர் ஒன்று கைதூக்கிச் சொல்லப்போகிறது என்றால் அந்த வாரம் எப்படிக் கழியும் என்று நினைக்கிறீர்கள்? புருலிடம் தொலைபேசியில் வானிலையைப் பற்றியே பேசினேன்.

பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் கூட்டம். வெளியூர்க்காரர்களுக்கு ஓரத்தில் தனி பெஞ்சு. நானும் பெகிமாயும் உட்கார்ந்தோம். தெருவிளக்கைப் பற்றி வெகுநேரம் பேசிவிட்டு எங்கள் விஷயத்துக்கு வந்தார்கள். எழுந்து நின்றவர் யார் தெரியுமா? ரூடி!

"அந்தப் பிள்ளை மேல எனக்கு ஒண்ணும் கோபம் இல்லை. ஆனா அந்த நாட்டுல இதே மாதிரி இன்னும் எத்தனை பிள்ளைங்க? யாரைக் கூட்டிட்டு வர்றது, யாரை விடுறது? போட்டோவுல அழகா சிரிக்கிற பிள்ளைக்கு மட்டுமா? ஒரு பிள்ளையை இங்க கொண்டுவந்து அறுக்கிற செலவுல அங்க ஒரு டாக்டரைப் பழக்கலாம். அவன் ஆயிரம் பிள்ளையைப் பார்ப்பான். அவங்க அரசாங்கம் செய்ய வேண்டியதை நாம செஞ்சா, அது என்னைக்குச் செய்யும்?"

பெகிமாய் இதை என் காதில் சொல்லச் சொல்ல எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒவ்வொரு வார்த்தையும் நியாயம். நல்ல பேச்சைக் கேட்டால் கைதட்டுவது நம் வழக்கம். தட்டிவிட்டேன். கூடத்தில் நான் ஒருவன்தான் தட்டினேன்.

"அண்ணே, என்ன பண்றீங்க? அவர் நமக்கு எதிரா பேசுறாரு!"

"தெரியுதும்மா. ஆனா நல்லா பேசுறாரே!"

வெரேனா அம்மாள் எழுந்தார். "டாக்டரைப் பழக்க பத்து வருஷம் ஆகும் ரூடி. அதுவரைக்கும் அய்பெரி என் வீட்டு மாடிப்படியில பாதியில நின்னு மூச்சு வாங்கிட்டே இருக்கணுமா? நீயே வந்து அவகிட்ட சொல்லு, காத்திருன்னு."

கூட்டத்தின் தலைவி என் பக்கம் திரும்பி, கைதட்டியவர் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று கேட்டார். எழுந்தேன். கெஞ்சுவதற்கு ஒரு பேச்சைத் தயார் செய்திருந்தேன். ஆனால், மன்னியுங்கள் மச்சான், உங்களைப் பற்றித்தான் வந்தது.

"ரூடி சொன்னது சரிதான். எங்க ஊர்லயும் இப்படிப் பேசுற ஒருத்தர் இருக்காரு, என் மச்சான். கீழ்ப் பள்ளத்தாக்குல மண் சரிஞ்சு போன வருஷம் அந்த ஜனங்க வைக்கோல் கேட்டு வந்தாங்க. 'இன்னைக்கு வைக்கோல் கேப்பான், நாளைக்கு மேய்ச்சல் நிலத்தையே கேப்பான், குடுக்காதே'ன்னு கூட்டத்துல இவர்தான் கத்தினாரு. மறுநாள் காலையில பார்த்தா இவர் வண்டியைக் காணோம். இவரே ஓட்டிட்டுப் போய் அவங்க வாசல்ல வைக்கோலை இறக்கிட்டிருக்காரு. இறக்கி முடியற வரைக்கும் 'அடுக்கத் தெரியுதா உங்களுக்கு?'ன்னு அவங்களைத் திட்டிட்டே இருந்தாராம். நான் வேற ஒண்ணும் சொல்றதுக்கில்லை. என் மகளுக்கு ஏழு வயசு."

பெகிமாய் முடித்ததும் கூடம் முழுக்கச் சிரிப்பு. எல்லாரும் ரூடியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் காது வரைக்கும் சிவந்து, "அந்த ஆள் பேர் என்ன?" என்று கேட்டார். சொன்னேன். சுவிட்சர்லாந்தில் ஒரு விளையாட்டுக் கூடத்தில் உங்கள் பெயரை நாலு பேர் சொல்லிப் பார்த்தார்கள். ஒருவருக்கும் வாயில் நுழையவில்லை.

கை தூக்கினார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் பேர் வித்தியாசத்தில் நிறைவேறியது. நம் நாட்டு மருத்துவர் ஒருவரை இங்கே பழக்கவும் உதவலாம் என்று ரூடியின் யோசனையையும் கூடவே சேர்த்து நிறைவேற்றினார்கள். ரூடி இரண்டுக்கும் எதிராகவே ஓட்டுப் போட்டார். "நான் சொன்னது இது இல்லேன்னா அது. ரெண்டும்னு எவன் சொன்னான்?"

மறுநாள் மருத்துவமனைக்குப் போனால் வாசலில் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டுப் போட்டுக்கொண்டு ரூடி நிற்கிறார். "ஓட்டு வேண்டாம்னுதான் போட்டேன். ஆனா போறது என் வரிப்பணம். ஒழுங்கா செலவாகுதான்னு பார்க்க எனக்கு உரிமை உண்டு." தினமும் வந்தார். கத்தியைக் கொதிநீரில் போட்டாயா என்று மருத்துவரைக் கேட்டார். பால் தண்ணீராக இருக்கிறது என்று சமையல்கட்டில் சண்டை போட்டு, தன் மாட்டுப் பாலைக் கொண்டுவந்தார். அதை அவர்கள் அனுமதிக்கவில்லை என்று என்னிடம் ஒரு மணி நேரம் முறையிட்டார். அவர் பாஷையில் அவர், நம் பாஷையில் நான். நன்றாகப் புரிந்தது.

அறுவை நாளன்று அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து ஆப்பிளாகச் சீவிக்கொண்டே இருந்தார். நான் சாப்பிடவில்லை, அவரும் சாப்பிடவில்லை. சீவிய ஆப்பிள் எல்லாம் பழுப்பாகிப்போனது. ஒரு கட்டத்தில் என் கையிலும் ஒரு கத்தியையும் ஆப்பிளையும் வைத்தார். நானும் சீவினேன். மாலையில் மருத்துவர் வெளியே வந்து, இவர்தான் தாத்தா என்று நினைத்துக்கொண்டு நேராக ரூடியிடம் போய், எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றார். ரூடி எழுந்து நின்று, "தையல் நெருக்கமா போட்டிருக்கீங்களா?" என்று அதட்டிவிட்டு, சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வைக்கோல் தூசி கண்ணுக்கு ஒத்துக்கொள்ளாது என்று பெகிமாயிடம் சொன்னாராம். அந்த மருத்துவமனையில் நான் மருந்துக்கும் வைக்கோலைப் பார்க்கவில்லை.

நேற்று அய்பெரி மாடிப்படி முழுவதையும் நிற்காமல் ஏறினாள். மேலே நின்று, "அப்பா, உதட்டைப் பாருங்க!" என்று கத்தினாள். சிவப்பு, மச்சான். நான் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இருந்தாலும் எல்லாவற்றையும் யோசித்து நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். நீங்களும் ரூடியும் சொல்வதுதான் சரி. நம் பிள்ளையை நம் நாடுதான் பார்க்க வேண்டும். அந்நியன் வாசலில் போய் நின்று அவன் கைதூக்குகிறானா என்று தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிலைமை இனி நம் குடும்பத்தில் ஒருவருக்கும் வரக் கூடாது. எங்களோடு இது முடிந்தது. பெகிமாயிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

உங்கள் அடுப்பு அணையாமல், உங்கள் மந்தை குறையாமல், உங்கள் குரல் மட்டும் கொஞ்சம் குறைந்து நீடூழி வாழ வேண்டும். அக்காவுக்குச் சலாம். புருலுக்கு நானே சொல்லிவிட்டேன். அவள் அழுதுகொண்டே என்னைக் குளிருக்குத் தொப்பி போட்டுக்கொள்ளச் சொன்னாள்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை
ஜூமாகதிர்

பின்குறிப்பு: மேலே கண்டிப்பாக எழுதிய பத்தியை அடித்துவிடவும். உறையை ஒட்டப்போகும்போது பெகிமாய் ஓடி வந்தாள். போன குளிர்காலத்தில் அடுப்பில் சுட்டுக்கொண்டு விரல்கள் ஒட்டிப்போன உங்கள் பேரன் எர்நாசரின் கையைப் படமெடுத்து, உங்களுக்குத் தெரியாமல் அக்கா எனக்கு அனுப்பியிருந்தார். நானும் மருத்துவரிடம் காட்டியிருந்தேன். விரல்களைப் பிரித்துவிடலாம் என்கிறார்கள். பிள்ளைக்குத் துணையாகப் பெரியவர் ஒருவர் வர வேண்டுமாம். உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன், சீக்கிரம் பாஸ்போர்ட் எடுங்கள். செலவைக் கேட்க வசந்தத்தில் ஊர்க்கூட்டம். உங்களைப் பார்க்க ரூடிக்கு ஒரே ஆவல். அன்றைக்கு எழுந்து நின்று கடுமையாக எதிர்ப்பதாக எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். ஆகவே எந்தக் கவலையும் இல்லாமல் பேரனைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டு வரவும்.