இரண்டு சைஸ் பெரிய புத்தகம்

புத்தகம் பெரிதாகிவிட்டது.

"என்னங்க இது, செங்கல் மாதிரி இருக்கு?" என்றாள் மனைவி. "நம்ம பொண்ணு இப்பத்தான் தானா படிக்க ஆரம்பிச்சிருக்கா!"

"வளர்ற பிள்ளை. கொஞ்சம் பெரிசாவே எடுத்தாத்தானே ரெண்டு வருஷம் வரும்?" என்றார் தையல்காரர்.

ஊரில் பாதிப் பிள்ளைகளைத் தொளதொளவென்று பள்ளிக்கூடம் அனுப்பியவர் அவர்தான். நூலகத்திலும் மகளைக் கண்ணாலேயே அளந்து, தயங்காமல் இரண்டு சைஸ் மேலே போயிருந்தார்.

மகள் புத்தகத்தைப் பிரித்தாள். முதல் வாக்கியம் ஒரு மலையில் ஏறத் தொடங்கி, பாதிப் பக்கம் வரை இறங்கவே இல்லை.

"அப்பா, எனக்குப் பசிக்குது" என்று மூடிவிட்டாள்.

"பாத்தீங்களா? படிக்கிற ஆசை ஒரு தடவை கிழிஞ்சுதுன்னா ஒட்டுப்போட முடியாது, சொல்லிட்டேன். போய் மாத்திட்டு வாங்க."

கடைப் பலகைகளை எல்லாம் மகள் உரக்கப் படித்துக்கொண்டு வரும்போது, தையல்காரர் தெருவில் அரையடி உயர்ந்து நடப்பார். அது நின்றுபோனால்? ஆனாலும் தொழில் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே.

"மாத்தறதாவது! பிடிச்சுத் தச்சுடலாம்."

எங்கே பிடிப்பது என்று தெரிய வேண்டுமே. கடையில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு புத்தகத்தைப் படித்தார். ஒரு பானை வியாபாரி, அவருடைய கிழட்டுக் கழுதை. மலை வர்ணனை வெறும் அலங்கார ஃபிரில். பக்கங்களைச் சேர்த்து மெஷினில் ஒரு ஓட்டு ஓட்டினார். சந்தையில் கழுதை தொலைந்துபோனபோது சட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அது வாடிக்கையாளருடைய சட்டை.

"அழறீங்களாப்பா?"

"நூல் தூசும்மா."

குழந்தை பயந்துவிடுமே என்று அந்த அத்தியாயத்துக்கு இரட்டைத் தையல் போட்டார். அதற்குமேல் படிக்க அவருக்கே தெம்பில்லை.

"ஐயோ, அது நூலகப் புத்தகங்க!" என்று மனைவி அலறிய பிறகுதான் அவருக்கு உறைத்தது.

அதைவிடப் பெரிய சிக்கல் மகள். தையல்காரர் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாதா, இரட்டைத் தையல் போட்டால் உள்ளே என்னவோ இருக்கிறது என்று? மறுநாள் கட்டிங் மேஜைக்கு அடியில் நூல் குப்பையாகக் கிடந்தது. நடுவில் அவள், புத்தகத்தோடு.

"குடும்மா, அது உனக்கு லூசு."

"போங்கப்பா!"

சாயங்காலம் வெளியே வந்தவள் கண்கள் சிவந்திருந்தன. சாப்பிடவும் இல்லை.

"என்னம்மா ஆச்சு?"

"நூல் தூசுப்பா."

போச்சு. பிள்ளையின் படிக்கிற ஆசையைத் தன் கையாலேயே கிழித்துவிட்டோம் என்று தையல்காரர் ராத்திரி முழுக்கப் புரண்டார். மறுநாள் மதியம் கடையைப் பூட்டிவிட்டு நூலகத்துக்கு ஓடினார்.

"தப்பு பண்ணிட்டேம்மா" என்று நூலகர் அம்மாள் முன்னால் புத்தகத்தை வைத்தார். "பக்கமெல்லாம் ஊசி ஓட்டை. வேற புத்தகம் வாங்கி வச்சுடறேன். பிள்ளைக்கு மட்டும் இருக்கிறதிலேயே சின்னதா ஒண்ணு குடுங்க. பாவம், மிரண்டு போயிருக்கு."

ஓட்டைகளைக் காட்டப் பக்கங்களைப் புரட்டியவர் கடைசியில் திகைத்து நின்றார். முடிவுப் பக்கங்கள் ஒன்றாகத் தைக்கப்பட்டிருந்தன. சிவப்பு நூல், கைத்தையல், எறும்பு வழி தவறிப்போன மாதிரி ஒரு கோணல்.

"இது என் வேலை இல்லம்மா! இவ்வளவு கேவலமாவா தைப்பேன்?" ரோஷத்தோடு பாக்கெட்டிலிருந்து கத்தரியை எடுத்தார்.

நூலகர் அம்மாள் சட்டென்று புத்தகத்தைக் கையால் மூடினார்.

"பிரிக்காதீங்க. காலையில உங்க பொண்ணு அம்மாவோட வந்து, இதைவிடப் பெரிய புத்தகமா எடுத்துக்கிட்டுப் போனா. போகும்போது சொன்னா, 'கடைசியில கழுதைக்கு என்னவோ ஆயிடுது, அதான் தச்சுட்டேன். எங்கப்பா இப்பத்தான் படிக்க ஆரம்பிச்சிருக்காரு, தாங்க மாட்டாரு'ன்னு."