கல்யாணப் பாட்டும் கல்லறை ராகமும்

நான் பெண் கேட்கப் போன இடத்தில் ஒரே ஒரு பொய்தான் சொன்னேன். வயதிலோ வேலையிலோ அல்ல (அதையெல்லாம் விசாரித்துவிடுவார்கள்), பாட்டில்.

“பாடுவியள்லா?” என்று கேட்டார் ஸ்டெல்லாவின் அப்பா.

“எங்க ஊர்ப் பாடகர் குழுவிலேயே இருக்கேன் மாமா.”

சங்கரன்கோவிலில் மாமாவின் லுத்தரன் சபைக்கு மொத்தம் நாற்பது பேர். கோயிலின் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊரே திரள்கிற இடத்தில், அந்த நாற்பது பேரும் நாலு குரலில் சேர்ந்து பாடுவதுதான் ‘நாங்களும் இருக்கிறோம்’ என்பதற்கு அத்தாட்சி. பாடாத மருமகன், மாமாவின் கணக்கில், ஞானஸ்நானம் பெறாதவன்.

நிச்சயதார்த்தத்தன்று ஆலயத்தில் போதகர் கல்யாணப் பாட்டை அறிவித்ததும் கரண்டு போனது. கீபோர்டு ஊமையானது. மாமா என் பக்கம் திரும்பினார்.

“மாப்ள, எடுத்துக் குடுங்க.”

எங்கள் பாட்டுப்புத்தகத்தில் ஒரே அளவில் எழுதிய பாட்டுகள் நிறைய. ஒன்றின் வரிகள் இன்னொன்றின் ராகத்தில் கச்சிதமாக உட்காரும். ஞாயிறுகளில் தூங்கிவிட்டு அடக்கங்களுக்கு மட்டும் தவறாமல் போய்வந்த எனக்குத் தெரிந்த ராகமோ ஒன்றே ஒன்று. கல்யாணப் பாட்டைச் சவப்பெட்டி இறக்கும் ராகத்தில் எடுத்தேன்.

எடுத்துக் கொடுப்பவர் பின்னால் போவது சபை ஒழுக்கம். இரண்டாம் வரியில் நாற்பது பேரும் சேர்ந்துகொண்டார்கள். ஆறு சரணம். சரணத்தை விடுகிற பழக்கம் எங்களிடம் கிடையாது.

மூன்றாவதில் முன்வரிசைப் பெரியம்மா கண்ணைத் துடைத்தார். “ஏட்டி, யாரு தவறிட்டா?” என்று பக்கத்தில் விசாரித்தது எனக்கே கேட்டது. ஸ்டெல்லா தலைகுனிந்திருந்தாள், தோள் குலுங்கியது. அழுகையா, சிரிப்பா? தெரியவில்லை. மாமா கண்ணை மூடிக்கொண்டு அடிக்குரலில் பாடினார். முறைத்திருந்தால்கூடத் தேவலை. எனக்குப் போடவேண்டிய மோதிரம் இன்னும் அவர் சட்டைப்பையில்தான் இருந்தது.

ஐந்தாவதில் என் குரல் உடைந்தது. சபை விடவில்லை, மேலும் கீழும் தாங்கிப் பிடித்து ஆமென் வரை தூக்கிக்கொண்டு போனது.

மாமா எழுந்து என்னிடம் வந்தார்.

“எந்தப் பாடகர் குழு?”

“பொய் சொல்லிட்டேன் மாமா.”

போதகர் இருமினார். மாமாவின் கை சட்டைப்பைக்குள் போனது.

“தப்புன்னு தெரிஞ்சும் ஆறு சரணத்தையும் விடாமப் பாடுனியள்லா? வேற ஒருத்தன்னா ஒத்தச் சரணத்தோட உக்காந்திருப்பான். கைய நீட்டுங்க.”

இப்போதும் வீட்டு ஜெபத்தில் நான் வாயைத் திறந்தால் மகள் கேட்பாள்: “அப்பா, அடக்கம் எத்தன மணிக்கு?”

ஸ்டெல்லா அதட்டுவாள்: “பொறுட்டி, ஆறு சரணமும் முடியட்டும்.”