மாடி டிவியைத் துரத்திய விவகாரம்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கு நானும் உன் அண்ணியும் நலம். அடுத்த வீட்டில் நீயும் நலம்தான், உன் தும்மல் சுவர் தாண்டிக் கேட்கிறது. சுற்றுச்சுவருக்கு எந்த நிறம் அடிப்பது என்ற சண்டையில் நம் பேச்சுவார்த்தை நின்றுவிட்டதால், இதை எழுதி உன் கதவிடுக்கில் செருகுகிறேன். எழுதுவது பேசுவதில் சேராது.

விஷயம் இதுதான். வெளியூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மகள் போனில் பிடித்துக்கொண்டாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை தனக்குப் பிடித்த பையனையும் அவன் பெற்றோரையும் வீடியோவில் காட்டப்போகிறாளாம், சித்தப்பாவும் கூட இருக்க வேண்டுமாம் (அதைக் காதில் வாங்காதவன் போல இருந்துவிட்டேன்), அதற்குள் வீட்டு வைஃபையில் யார் யார் நுழைந்திருக்கிறார்கள் என்று பார்த்துப் பூட்டியாக வேண்டுமாம். நானும் சுவரோர நாற்காலியில் உட்கார்ந்து, அவள் சொல்லச் சொல்ல என் போனில் ரவுட்டரைத் திறந்தேன். இரண்டு வீட்டுக்கும் ஆளுக்கொன்றாக ஒரே மாதிரி வாங்கி, ஒரே பாஸ்வேர்டு போட்டு நீ மாட்டியதுதானே, அந்தப் பழைய பாஸ்வேர்டுக்கே திறந்துகொண்டது. பட்டியலைப் பார்த்துத் தலை சுற்றியது. 'மாடி டிவி' என்று ஒன்று. எங்கள் வீட்டுக்கு மாடியே கிடையாது. அப்புறம் 'சின்னவள் லேப்டாப்', 'வாசல் கேமரா'. ஸ்டோர் கீப்பராக இருந்து, உப்பு டப்பாவுக்கும் லேபிள் ஒட்டுகிற உன் கைவரிசை அல்லாமல் வேறென்ன? என் டிவியைக் காணோம், பிரிண்டரைக் காணோம். அவற்றை வெளியே தள்ளிவிட்டு நீ குடும்பத்தோடு குடியேறிவிட்டாய் என்று புரிந்தது. என் போன் மட்டும் 'அண்ணன்' என்ற பெயரில் ஓரமாகக் கிடந்தது. ஒவ்வொன்றாகத் துரத்தினேன். வைஃபை பாஸ்வேர்டு, ரவுட்டர் பாஸ்வேர்டு இரண்டையும் மாற்றினேன், அப்டேட்டும் போட்டேன், என் போனை மட்டும் திரும்ப உள்ளே விட்டேன். வெகுநாளைக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஆகவே இனி உன் வீட்டார் என் இணையத்தைத் தொட முடியாது. உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள், கோபம் உன்னோடு மட்டும்தான். எல்லோரும் நோய்நொடியின்றி இருங்கள்.

இப்படிக்கு,
பேசாத அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உன் அண்ணி வந்து, உங்கள் வீட்டில் இணையமே இல்லையாம், உன் மனைவி புலம்புகிறாள் என்றாள். நான் பூட்டினால் எப்படி வரும் என்று மீசையை முறுக்கினேன். "நம்ம டிவி நல்லாத்தானே ஓடுது. அப்ப நீங்க எந்த வீட்டைப் பூட்டினீங்க?" என்று கேட்டாள். போனைப் பார்த்தேன். மேலே உன் வைஃபையின் பெயர். எங்கள் லைன் அறுந்து கிடந்த மழைக்காலத்தில் நீதான் என் போனை அதில் சேர்த்துவிட்டாய். இந்த நாற்காலியில் உட்கார்ந்தாலே அது உன் வீட்டுக்குப் போய்விடுகிறது. அந்தப் பட்டியலில் வெளியாள் நான் ஒருத்தன்தான். சண்டைக்குப் பிறகு என்னை நீக்க உனக்கு ஒரு நிமிஷம் போதும், ஆனாலும் 'அண்ணன்' என்றே விட்டு வைத்திருக்கிறாய். உறையை ஒட்டாமல் மறுபடி பேனாவை எடுத்துவிட்டேன் தம்பி. புதுப் பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதக் கூடாது என்பது மகளின் கண்டிப்பு. அதனால் உடனே வா, காதில் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமையும் வா. சுவருக்கு உன் நிறமே இருக்கட்டும். வரும்போது உன் போனையும் எடுத்து வா, என் வைஃபையில் அதைச் சேர்த்து 'தம்பி' என்று பெயர் போட வேண்டும். எப்படிப் போடுவது என்று நீதான் சொல்லித்தர வேண்டும்.